நமக்குன்னு ஒரு காலி நாள் எங்கே?

தீம் பார்க்குக்கு எப்பப் போனா நல்லா இருக்கும்னு யாரைக் கேட்டாலும் டக்குன்னு பதில் வந்துடுது. "சீசன் இல்லாதப்போ, வார நாள்ல போங்க. கூட்டமே இருக்காது." சரிங்க. ஆனா செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு என் பொண்ணு நாலாம் வகுப்புல உட்கார்ந்திருப்பா. நான் ஆபீஸ்ல இருப்பேன். அவ அப்பா கடையில நின்னுட்டு இருப்பார். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை யாருக்கு?

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஈசிஆர்ல விஜிபி, எம்ஜிஎம். பூந்தமல்லி தாண்டினா குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் திறந்தாச்சு. சென்னையில இருக்கிற புள்ளைக்கு எங்க போறதுங்கிற கவலையே வேண்டாம். எப்பங்கிறதுதான் உயிரை எடுக்குது.

காலண்டரைப் பிரிச்சு வெச்சுப் பாருங்க. புள்ளைக்கு நீளமான லீவுன்னா ஏப்ரல் கடைசியிலேர்ந்து ஜூன் தொடக்கம் வரைக்கும்தான். மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சிடும். மாசக் கடைசியில அது முடிஞ்சாலும் நம்ப முடியாது, சென்னையில 45 டிகிரி கொளுத்தினது 2003 மே 31 அன்னைக்கு. அந்த வெயில்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டுச் சறுக்கு மரத்துக்குப் படியேறணும். சிமெண்டுத் தரையில கால் வைக்க முடியாம புள்ளைங்க துள்ளுதுங்க. அலைக்குளத்துல தண்ணி தெரியாது, தலைங்கதான் தெரியும்.

காலாண்டு லீவு? காந்தி ஜெயந்தி, சில வருஷம் ஆயுத பூஜையும் சேர்ந்து ஊரே கிளம்புற நேரம். அது முடிஞ்ச கொஞ்ச நாள்லயே வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு வருஷம் பூரா பெய்யிற மழையில பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர்லதான் கொட்டுது. இடி மின்னல்னா உயரமான ரைடையெல்லாம் நிறுத்திடுவாங்க. நிறுத்தத்தான் வேணும், உயிர் விஷயம். ஆனா டிக்கெட் காசு? திருப்பித் தர மாட்டாங்க. அந்த மழைக்கு விட்ட லீவையெல்லாம் ஈடுகட்டப் பின்னாடி சனிக்கிழமையிலயும் ஸ்கூல் வெச்சிடுறாங்க. ஞாயிறு ஒண்ணுதான் மிச்சம்.

அரையாண்டு லீவுக்கும் பொங்கலுக்கும் வெயில் தணிஞ்சு அருமையா இருக்கும். அது எல்லாருக்கும் தெரியுமே! காணும் பொங்கலன்னைக்கு வண்டலூர், மெரினா, மாமல்லபுரம் எல்லாம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் நிஜமான நல்ல நாள். வெயில் ஏறலை, மழை இல்லை. அப்ப ஸ்கூல் மும்முரம். மூத்த புள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிச்சா ஸ்பெஷல் கிளாஸ் வேற.

பெரியவங்க லீவு மட்டும் கொட்டிக் கிடக்குதா? தனியார் நிறுவனத்துல வேலை செய்யிறவங்களுக்காகத் தமிழ்நாட்டுல 1958லேயே விடுமுறைச் சட்டம் போட்டாங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட அஞ்சு பண்டிகை நாள். மொத்தம் ஒன்பது. ஒன்பதும் ஊருக்கே லீவான நாள். கடைத்தெருவுல, பட்டறையில, சின்னச் சின்னக் கம்பெனியில வேலை செய்யிறவங்க பலருக்கு இதுக்கு மேல கேட்டு வாங்குறது பெரும்பாடு. கேட்டா சம்பளம் புடிச்சிடுவாங்க. ஆக, கூட்டத்துல போய் மாட்டிக்கிறது நம்ம விருப்பமில்லைங்க. நமக்குக் கொடுத்திருக்கிறதே அந்த நாளைத்தான்.

இது பார்க் நடத்துறவங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதானே பல இடத்துல லீவு நாளுக்குன்னு டிக்கெட் விலையை ஏத்துறாங்க? வார நாள்ல குறைஞ்ச விலைக்கு நிறைய ரைடு ஏறலாம். லீவு நாள்ல அதிகம் கொடுத்துட்டு வரிசையில நின்னு திரும்பலாம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஃபாஸ்ட் ட்ராக். கூடக் காசு கொடுத்தா தனி வரிசை. நாங்க போன பார்க்கோட பேர் வேண்டாம். வெயில்ல வரிசை நகரவே இல்லை. பக்கத்துக் கம்பிக்குள்ள கையில பட்டை கட்டினவங்க சிரிச்சுக்கிட்டே போறாங்க. "அம்மா, அவங்க நமக்கு அப்புறம்தானே வந்தாங்க?"ன்னு என் பொண்ணு கேட்டா. வரிசையில நில்லு, முண்டாதே, உன் முறை வரும்னு ஒண்ணாம் வகுப்புலேர்ந்து சொல்லிக் கொடுத்த புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

கணக்குப் போட்டுப் பாருங்க. ரைடுல ஒரு தடவைக்கு 20 பேர்னு வெச்சுக்குவோம். ஏத்தி, பெல்ட் மாட்டி, ஓட்டி இறக்க 3 நிமிஷம். மணிக்கு 400 பேர். உங்களுக்கு முன்னாடி 800 பேர் நின்னா ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அஞ்சு சீட்டை அந்தத் தனி வரிசைக்குக் கொடுத்தா உங்க வரிசையில மணிக்கு 300 பேர்தான் ஏற முடியும். ரெண்டு மணி நேரம் ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஆயிடும். அந்த நாற்பது நிமிஷம் எங்கேர்ந்து வந்தது? என் புள்ளைகிட்டேர்ந்து எடுத்து இன்னொருத்தருக்கு வித்திருக்காங்க. தியேட்டர்ல சீட் தீர்ந்தா ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுறாங்களே, அப்படி ஒரு போர்டை எந்தப் பார்க் வாசல்லயும் நான் பார்த்ததில்லை.

கஷ்டப்பட்டு வார நாள்ல லீவு போட்டுப் போனா மட்டும் நிம்மதியான்னா, அதுவும் இல்லை. "இன்னைக்கு மெயின்டனன்ஸ்"னு ரெண்டு மூணு ரைடுல கயிறு கட்டியிருக்கும். மிச்சத்துல ஆள் சேர்ற வரைக்கும் சீட்ல உட்கார வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள டூர் பஸ்ல ரெண்டு ஸ்கூல் வந்து இறங்கும்.

தெரிஞ்ச வீடுகள்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. ஜுரம்னு லீவ் லெட்டர். அந்த லெட்டரைப் புள்ளையே டீச்சர்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கணும். நான் மாட்டேன். ஒரு நாள் சந்தோஷத்துக்காகப் புள்ளை வாயில பொய்யை வைக்கணுமா?

மத்த ஊர்ல இதை யோசிச்சிருக்காங்க. பிரான்ஸ்ல நாட்டை மூணு மண்டலமாப் பிரிச்சு, குளிர்கால லீவையும் வசந்தகால லீவையும் வேற வேற வாரத்துல விடுறாங்க. ஜெர்மனியில கோடை லீவே மாநிலத்துக்கு மாநிலம் தள்ளித் தள்ளி வருது. ஒரே நாள்ல நாடே ரோட்டுக்கு வரக் கூடாதுன்னுதான்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? சதய விழாவுக்குத் தஞ்சாவூர்ல, ஆழித்தேருக்குத் திருவாரூர்ல கலெக்டரே உள்ளூர் விடுமுறை விடுறார். அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாள். மாவட்டத்துக்கு ஒரு நாள்னு லீவு விடுறது நமக்குப் பழகினதுதானே?

அதனால கல்வித்துறையை மனசாரக் கேட்டுக்கிறேன். முழுஆண்டு லீவு கிடக்கட்டும். காலாண்டு லீவை மட்டும் ஒரே ஒரு வருஷம், நாலு மண்டலமாப் பிரிச்சு ஒரு வாரம் தள்ளித் தள்ளி விட்டுப் பாருங்க. பரீட்சையும் அந்தந்த மண்டலத்துல அப்படியே தள்ளிப் போகட்டும். புள்ளை ஸ்கூலுக்கு லீவுன்னா அன்னைக்கு அம்மா அப்பாவுல ஒருத்தருக்காவது சம்பளம் புடிக்காம ஒரு நாள் விடுங்கன்னு முதலாளிமாரையும் கேட்கிறேன். பார்க் நடத்துறவங்க டிக்கெட் கவுண்டர் பக்கத்துல பெரிய எழுத்துல ஒரு போர்டு வைக்கட்டும்: உள்ளே இப்ப எத்தனை பேர், எந்த ரைடுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும், இன்னைக்கு எது ஓடாது. காசு கட்டுறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுட்டு, உள்ள போறதா, அப்படியே கோவளம் பீச்சுக்கு வண்டியைத் திருப்புறதான்னு நாங்களே முடிவு பண்ணிக்கிறோம்.