ஏழரை லட்சத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் நடுவில் நிற்கும் நம் பிள்ளைகள்



சேலம், நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் முடிக்கிற பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேளுங்க. "ஜெர்மனி போகணும், அங்கே ஃபீஸ் கிடையாது" என்று சொல்கிறவர்கள் நிறைய. அது பொய்யும் இல்லை. ஒருசில இடங்கள் தவிர, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் சீனாவையும் தாண்டி நாம்தான் முதலிடம்.

அப்படியானால் பள்ளிபாளையம் தறித் தொழிலாளி மகளும் போகலாமே? கணக்கைப் பார்ப்போம்.

விசா வேண்டுமென்றால் முதல் வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் உயர்த்திய கணக்குப்படி 11,904 யூரோ. நம்ம பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இதற்கு முன்பே ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பரில் இருந்து இது இல்லாமல் விசா விண்ணப்பமே போட முடியாது. பிறகு விசா கட்டணம், இன்சூரன்ஸ், விமான டிக்கெட்.

சரி, பேங்க் லோன் இருக்கே என்பீர்கள். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் பொதுவாக 7.5 லட்சம் வரைதான் சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டும் என்றாலும் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். பிணை இல்லாமல் பெரிய தொகை தருகிற சில திட்டங்களும் வங்கி பட்டியல் போட்டு வைத்திருக்கிற பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான்.

ஏழரை லட்சத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலரை லட்சத்தில்தான் நம் பிள்ளை நிற்கிறாள். மார்க் இருக்கு, அட்மிஷன் லெட்டர் கையில் இருக்கு, வாடகை வீட்டில் குடியிருப்பதால் பத்திரம் மட்டும் இல்லை. ரிக் வண்டி, லாரி, கோழிப்பண்ணை என்று சொத்து இருக்கிற வீட்டுப் பிள்ளை அதே மார்க்கில் விமானம் ஏறுகிறான். அவன் மேல் நமக்குக் கோபம் இல்லை; அவனும் உழைத்துத்தான் போகிறான். ஆனால் படிக்கத் தகுதி யாருக்கு என்பதைச் சொத்துப் பத்திரம் முடிவு செய்யலாமா?

இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் உள்ளே வருகிறார். அவருக்குக் கமிஷன் வருவது பெரும்பாலும் தனியார் கல்லூரியில் இருந்து. அதனால் இலவசம் என்று ஆரம்பித்த பேச்சு, கட்டணம் வாங்குகிற தனியார் கல்லூரியில் போய் முடிகிறது. "பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைச்சிடலாம்" என்ற பேச்சையும் நம்பாதீங்க. அங்கே மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், ஜெர்மன் மொழி தெரியாமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம்.

அண்ணல் அம்பேத்கர் 1913-ல் அமெரிக்கா போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். 1916-ல் லண்டன் வந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். சம்பாதித்துச் சேர்த்தும், கடன் வாங்கியும் 1920-ல் மறுபடி போய்த்தான் அந்தப் படிப்பை முடித்தார். அவருக்கே அந்த நிலைமை என்றால், ஆள் பலம் இல்லாத நம் பிள்ளைக்கு என்ன நிலைமை?

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் பெயரிலேயே தமிழ்நாடு அரசின் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கு. அது விரிய வேண்டும். அதோடு, எந்தச் சமூகமானாலும், பிணை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், 7.5 லட்சத்துக்கு மேல் வருகிற கடனுக்கு அரசே பிணை நிற்க வேண்டும். சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் கமிஷன் வாங்காத வழிகாட்டி மையம் வேண்டும்.

"வெளிநாடு போகிறவனுக்கு நம்ம வரிப்பணமா?" என்று கேட்பார்கள். தைரியமாகப் பதில் சொல்லுங்க. நாம் கேட்பது தானம் இல்லை, பிணை. வாங்கிய கடனை வட்டியோடு கட்டப் போவது அந்தப் பிள்ளைதான். பெரிய கம்பெனிகளுக்கு எத்தனையோ சலுகை தருகிற அரசு, ஒரு மாணவிக்காக ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா?

அதுவரை நாம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. உங்க தெருவில் எந்தப் பிள்ளையாவது ஏஜெண்டிடம் பணம் கட்டப் போகிறது என்று தெரிந்தால், முதலில் அது அரசுப் பல்கலைக்கழகமா என்று பாருங்க. டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பேங்குக்கு அந்தக் குடும்பத்தோடு கூடவே போங்க. விண்ணப்பத்தைத் தட்டிக் கழித்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்க. வாங்கிய பதிலை நம் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்க. அடுத்ததை நாம் பேசுவோம்.

#பிணைக்கு_அரசு_வரட்டும்