கச்சான் காலத்து வெள்ளைக் கறை

மாரியில் மட்டக்களப்பு வாவித் தோணிகளை மழையே கழுவிவிடும். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை கொட்டும் மழைக்கு எந்தப் பறவையின் எச்சமும் நின்று பிடிக்காது. வில்லங்கம் கச்சானோடு வருகிறது. மேற்கிலிருந்து வீசும் அந்த உலர்ந்த வெக்கைக் காற்றில், கரையோரம் கட்டிய தோணியில் விடியற்காலை விழுந்த எச்சம் உச்சி வெயிலுக்கு முன்பே காய்ந்து ஓடாகிவிடுகிறது. பிறகு அதைச் சுரண்டத் தொடங்குகிறார்கள். கெடுதி அங்கேதான் ஆரம்பம்.

கொக்கு, நாரை, காகம் என்று பங்காளிகள் பலர் இருந்தாலும் பெரும்பழி நீர்க்காகத்துக்குத்தான். அதற்குக் காரணமும் உண்டு. நீர்க்காகத்தின் இறகு ஓரங்கள் நீரில் நனைந்துவிடும்; மீனைத் துரத்தி ஆழத்துக்குப் போக அந்த நனைவு உதவுகிறது. வெளியே வந்ததும் சிறகை விரித்துக் காயவைத்தாக வேண்டும். அதற்குச் சுற்றிலும் நீர் உள்ள, ஆள் நடமாட்டம் குறைந்த, வெயில் படும் மேடான இடம் வேண்டும். ஆளில்லாமல் ஆடிக்கொண்டு கிடக்கும் தோணியின் அணியத்தை விட வசதியான இடம் எது? கரையோரத்தில் கண்டலும் தில்லையும் அடர்ந்திருந்தபோது பட்ட கிளைகள் அந்த வேலையைச் செய்தன. யுத்த காலத்தில் பாதுகாப்பின் பேரிலும், இறால் பண்ணைகளுக்காகவும், கட்டடங்களுக்காகவும் வாவிக்கரைக் கண்டல்கள் வெட்டப்பட்டன. கிளையை இழந்த பறவை தோணிக்கு வந்திருக்கிறது என்றால் அதில் வியப்பில்லை.

பறவைக்குச் சிறுநீர்ப்பை இல்லை. உடலின் நைதரசன் கழிவை அது யூரிக் அமிலமாகவும் அதன் உப்புக்களாகவும் மாற்றி, வெள்ளைக் களியாக மலத்தோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. ஓட்டுக்குள் அடைந்து வளரும் குஞ்சுக்கு நீரில் கரையாத கழிவுதான் பாதுகாப்பு. கரைந்தால் முட்டைக்குள்ளேயே நஞ்சாகிவிடும். ஒரு லீற்றர் தண்ணீரில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 60 மில்லிகிராம் மட்டுமே கரையும். தோணிக்காரர் நாலு வாளி தண்ணீரை வீசி ஊற்றிவிட்டு ‘போகுதில்லையே’ என்று அலுத்துக்கொள்வது இதனால்தான்.

இந்தக் கரையாத வெள்ளைக்காக நாடுகளே அடித்துக்கொண்டிருக்கின்றன. பெரு நாட்டின் சிஞ்சா தீவுகளில் மழை இல்லை என்றே சொல்லலாம். நீர்க்காக இனம் ஒன்றின் எச்சம் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து குன்றாகி, 1840களிலிருந்து ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகக் கப்பலேறியது. ஆளில்லாத எச்சத் தீவுகளை அமெரிக்கக் குடிமக்கள் தம் நாட்டின் பேரில் உரிமை கோரலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டது. 1864இல் ஸ்பெயின் சிஞ்சா தீவுகளைப் பிடித்துக்கொள்ள, அது போராக மூண்டது. பெருவில் எப்போதும் உள்ள வறட்சி நமக்குக் கச்சானில் சில மாதம் வருகிறது. எச்சம் தங்குவதற்கு அது போதும்.

கழுவும் முறை தோணிக்குத் தோணி வேறுபடும். தாரோ எண்ணெயோ பூசிய பழைய மரத்தோணி முரட்டுத் தேய்ப்பைத் தாங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த பைபர் தோணிகள் தாங்கா. பைபரின் மேலே பளபளப்பாகத் தெரிவது அரை மில்லிமீற்றர் அளவே தடித்த ஒரு பூச்சு. மணலைத் தொட்டு உரிமட்டையால் தேய்த்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அடுத்த எச்சம் அந்தக் கீறலுக்குள் இறங்கி உட்காரும். இப்படி வருடத்துக்கு வருடம் தோணி மங்கிப்போக, ‘பைபர் சரியில்லை’ என்று பேர்.

செய்ய வேண்டியது மிக எளிது, பொறுமைதான் வேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டவே கூடாது. பறக்கும் தூளில் பூஞ்சை வித்துகளும் கிருமிகளும் இருக்கலாம். மூச்சில் ஏறினால் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு பழைய சாக்கை வாவித் தண்ணீரிலேயே நனைத்து எச்சத்தின் மேல் போட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் விட்டுவிட வேண்டும். ஊறிய பின் துணியால் வழித்தெடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிஞ்சும் வெள்ளைக்குச் சவர்க்கார நீர் போதும். அதற்கும் அசையாவிட்டால் கொஞ்சம் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவைத்துக் கழுவலாம். யூரிக் அமிலம் காரத்தில்தான் இளகும்.

ஆகவே தேசிக்காயும் விநாகிரியும் இங்கே வீண். அமிலத்தை அமிலத்தால் கரைக்கப் பார்க்கும் வேலை அது. ஆனால் ஆணியும் போல்ட்டும் கசிந்த செங்கபிலத் துருக்கறைக்குப் புளிப்புத்தான் மருந்து. பிலிம்பிக்காயில் ஒக்சாலிக் அமிலம் உண்டு. துருவைப் பிடித்துக் கரைப்பது அதுதான். ஒரே தோணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கறைக்கு இரண்டு எதிரெதிர் வைத்தியம். எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் என்று கடையில் யாராவது விற்றால் நம்பத் தேவையில்லை.

மலசலகூடம் கழுவும் அசிட்டைத் தோணியில் ஊற்றுவது இன்னும் மோசம். அது எச்சத்தை விட்டுவிட்டு, துத்தநாகம் பூசிய ஆணியையும் போல்ட்டையும் தின்னும். வழிந்து போய் நண்டும் இறாலும் குஞ்சு பெருக்கும் ஆழமில்லாத கரைநீரில் சேரும். வெளுக்கும் குளோரினோடு அசிட் கலந்தால் எழும் வாயு ஆளையே சாய்த்துவிடும். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்கு ‘பாடும் மீன்’ கேட்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறவர்களுக்கு இருக்கை வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. மீன் பாடாவிட்டாலும் வந்தவர் பொறுத்துக்கொள்வார், எச்சத்தில் உட்காரமாட்டார். என்றாலும் அந்த அவசரத்துக்கும் ஈரச்சாக்கு போதுமானது.

வராமல் தடுப்பதற்கு ஆளாளுக்கு ஒரு வழி. வெருளி கட்டுகிறார்கள், பழைய சீடித் தட்டைத் தொங்கவிடுகிறார்கள். சில நாளில் நீர்க்காகம் வெருளியின் தோளிலேயே சிறகு விரிக்கும். உறுதியாகப் பலன் தருவது படங்கு. அணியத்திலிருந்து கடையால் வரை சரிவாக, மடிப்பு விழாமல் இழுத்துக் கட்டினால் பறவைக்குக் கால் பிடிக்க இடமில்லை. விழுந்தாலும் படங்கைக் கழற்றி உதறலாம். சிறு தோணியானால் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவது அதைவிடச் சுலபம். தோணியை விட உயரமாக இரண்டு கம்பைச் சற்றுத் தள்ளி நட்டுப் பார்ப்பதும் நல்ல யோசனை. உயரமான இருக்கை கிடைத்தால் பறவை தாழ்ந்ததை விட்டுப் போகப் பார்க்கும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். கிழிந்த வலையின் தங்கூசியைத் தோணிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவது பறவையை விரட்டாது, சிக்கவைத்துக் கொல்லும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் பெரும்பாலான பறவைகளைக் காக்கிறது. தோணியில் தங்கூசி கட்டியிருப்பவர்கள் அதை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு ஒரு படங்கு வாங்கிக் கட்டட்டும்.