ஓடாத இன்ஜினுக்கும் மார்க் போடுங்க

மினி புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. 'ரெடிமேடா எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்?' என்று கிளாஸ் குரூப்பில் விசாரணையும் ஆரம்பம். வாங்குகிறவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. போன வருஷம் நானும் விலை விசாரிச்சவன்தான். காசு பத்தாததால் சொந்தமாகச் செய்ய இறங்கினோம்.

எடுத்தது ஒரு சின்ன ஸ்டிர்லிங் இன்ஜின். 1816-இல் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை வாங்கிய வெப்பக்காற்று இன்ஜினின் குட்டி வடிவம். வால்வு கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. ஈஸின்னு நினைச்சோம். ஆனால் அது தரும் சக்தி ரொம்பக் கம்மி. பிஸ்டன் கொஞ்சம் இறுக்கமானால் நின்றுவிடும், கொஞ்சம் லூசானால் காற்று கசிந்துவிடும்.

ஸ்டீல் சிலிண்டரில் 16 மி.மீ. துளை. 15.8-க்கு ட்ரில் போட்டு, பிறகு ரீமர். எச்7 அளவு என்றால் துளை 0.018 மி.மீ. வரைதான் கூடலாம். எங்கள் கையில் இருந்த வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட்டே 0.02!

முதல் பிஸ்டனை அளந்து பார்க்க சக்கிலிருந்து கழற்றி, திரும்ப மாட்டினோம். ஒர்க்‌ஷாப் அண்ணன் சிரித்தார்: "தம்பி, ஒரே செட்டிங்ல முடிச்சிருக்கணும். கழட்டி மாட்டினா சென்டர் போயிடும்." போயிருந்தது.

இரண்டாவது, அலுமினியம். சிலிண்டரின் அடியை விரலால் மூடினால் பிஸ்டன் மெதுவாக இறங்கணும், விரலை எடுத்தால் 'டொக்'னு விழணும். அந்த டெஸ்ட் பாஸ். விளக்கு ஏற்றினோம். கொஞ்ச நேரம் ஓடி, இறுகி நின்றது. ஆறினதும் கையால் சுற்றினால் ஜம்முனு சுற்றியது. ரிவ்யூ அன்றைக்கும் இதே கதை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தோம். 50 டிகிரி சூடு ஏறினால் 16 மி.மீ. அலுமினியம் சுமார் 0.018 மி.மீ. விரியும்; ஸ்டீல் சுமார் 0.01 மட்டுமே. நாங்கள் விட்டிருந்த இடைவெளியே 0.01 தான். பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த விரிவுக் குணகம், கண்முன்னே இன்ஜினை நிறுத்தியிருந்தது.

மூன்றாவது, வார்ப்பிரும்பு. அதன் விரிவு ஸ்டீலுக்குக் கிட்டத்தட்ட சமம். கடைசிக் கொஞ்சத்தை லேத்தில் எடுக்காமல், லேப்பிங் பேஸ்ட் தடவி கையாலேயே தேய்த்தோம். நாலு தேய்ப்பு, மண்ணெண்ணெயில் கழுவல், அளவு, மறுபடி தேய்ப்பு. ஓடியது. ஆனால் அதற்குள் மார்க் போட்டு முடித்துவிட்டார்கள். எங்களுக்கு 'அவுட்புட் இல்லை'. வாங்கி வந்த டீமுக்கு முழு மார்க். பிஸ்டன் ஏன் இந்த உலோகம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

'ஓடினால்தானே இன்ஜின்?' என்று கேட்பீர்கள். கம்பெனியில் அது நியாயம். ஆனால் தப்பு செய்து பார்க்க நமக்கு இருக்கிற இடம் காலேஜ் மட்டும்தான். ஓடுவதற்கு மட்டுமே மார்க் என்றால், புத்திசாலி மாணவன் வாங்கத்தான் செய்வான்.

ஆசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பாதி மார்க்கை டிராயிங்குக்கும், அளவெடுத்த நோட்டுக்கும், ஸ்கிராப்பான பாகங்களுக்கும் ஒதுக்குங்கள். வைவாவில் "எது கெட்டுப்போச்சு, ஏன்?" என்று கேளுங்கள். வாங்கினவரிடம் அதற்குப் பதில் இருக்காது.

ஜூனியர்ஸ், பிஸ்டனை முதல் வாரமே ஆரம்பிச்சிடுங்க. சந்தேகம்னா ஹாஸ்டலுக்கு வாங்க. கெட்டுப்போன ரெண்டு பிஸ்டனும் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு.