பறக்குமுன் பார்!



சென்ற ஆண்டு நம் மன்றத்தார் திருப்பதிக்குச் சுற்றுலா சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களுள் பலர் அந்தப் பேருந்தில் இருந்தீர்கள். அன்று சித்தூரில் எழுந்த கூச்சலில் பங்கு கொண்டவர்களும் இருப்பீர்கள். அந்தக் கூச்சலில் மிகப் பெரிய குரல் என்னுடையது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் ஏறி அமர்ந்தாயிற்று. ஓட்டுநர் மட்டும் ஏறவில்லை. இரும்புக் கம்பி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். நேரம் குறித்து வாங்கிய தரிசனச் சீட்டு நம் கையில். சந்திரகிரியைத் தாண்டித் திருப்பதி போய்ச் சேர வேண்டும். பொறுமை இழந்தேன். "அண்ணே, வண்டியை எடுங்க! காசு கொடுத்து எடுத்த வண்டி இது!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, காசு கொடுத்தது வண்டிக்கு. எப்ப எடுக்கலாம்னு சொல்றது என் வேலை" என்றார்.

பின்சக்கர இணையின் உள்பக்கத்து டயர் ஓரத்தில் உப்பியிருந்தது. அதை மாற்ற 40 நிமிடம் ஆயிற்று. குறித்த நேரம் தவறியது. வழி நெடுக முணுமுணுத்தோம். ஆனால், முணுமுணுக்க உயிரோடு இருந்தோம்!

அந்த ஓட்டுநர் சொன்ன சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. தனி விமானங்களைப் பற்றியும் வாடகை விமானங்களைப் பற்றியும் படிக்கும்போதெல்லாம் உரக்க ஒலிக்கிறது. திருப்பதிக்குப் பக்கத்தில் ரேணிகுண்டா விமான நிலையம் இருக்கிறது. கால அட்டவணைப்படி வந்து போகும் பெரிய விமானம் யாருக்காகவும் நிற்பதில்லை. பிந்தி வந்தவரை விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால், ஒருவருக்காகவே அமர்த்தப்பட்ட சிறு விமானம் அவருக்காகக் காத்துக் கிடக்கிறது. காத்திருந்த நேரத்தையெல்லாம் அவர் வந்தபின் ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் எல்லோர் தலையிலும் ஏறிக்கொள்கிறது. ஆபத்து அங்கேதான் கருக்கொள்கிறது. வந்தவர் அமைச்சராக இருக்கலாம். ஆலை அதிபராக இருக்கலாம். திரை நட்சத்திரமாக இருக்கலாம். "இன்னும் என்ன தாமதம்?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பத்து நிமிடச் சோதனையை இரண்டு நிமிடமாகச் சுருக்கிவிடும் வல்லமை உடையது.

அப்படி என்னதான் சோதனை என்பீர்கள். விமானத்தைச் சுற்றி நடந்து கண்ணால் பார்க்க வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் குழாயின் மூடியை எடுத்தாயிற்றா, சக்கரத்தில் செருகிய ஊசிகளைக் கழற்றியாயிற்றா என்று பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்தெடுத்து, நீர் கலந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். நீர் கனமானது, அடியில் தங்கும். ஏறுவோர் எடையையும் மூட்டைகளின் எடையையும் கூட்டி, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்று கணக்கிட வேண்டும். சித்திரை வெயிலில் ரேணிகுண்டாவின் காற்று சூடேறி மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கும் ஆற்றல் குறையும்; மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும். காலையில் சரியாக இருந்த பாரம் நண்பகலில் அதிகமாகிவிடலாம்! புறப்படும் ஊரின் வானிலையோடு வழியின் வானிலையும், சேரும் ஊரின் வானிலையும், அங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே இறங்குவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இறுதியாக, விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் பரப்புகள் தடையின்றி அசைகின்றனவா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னரே 'புறப்படலாம்' என்ற சொல் பிறக்க வேண்டும்.

சித்தூர் என்றதும் நெஞ்சை உறுத்தும் ஒரு நாள் உண்டு. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 2. அன்றைய ஆந்திர முதலமைச்சர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி, மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் 'ரச்சபண்ட' நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்கச் சித்தூர் மாவட்டத்துக்குப் புறப்பட்டார். திருப்பதியும் அப்போது அந்த மாவட்டத்திலேயே இருந்தது. 2022-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஐதராபாத்தின் பேகம்பேட்டையிலிருந்து காலையில் கிளம்பிய 'பெல் 430' ஹெலிகாப்டர் சித்தூரை அடையவே இல்லை. நல்லமலைக் காட்டில் விழுந்தது. மறுநாள்தான் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐவரும் மாண்டு போயினர். சித்தூரில் கூடியிருந்த மக்கள் காத்திருந்தது காத்திருந்ததுதான்.

அது வாடகைக்கு அமர்த்திய ஊர்தி அன்று, அரசுக்கே உரியது. ஆயினும், ஒருவருக்காகப் புறப்படும் அட்டவணையற்ற பயணம் என்ற வகையில் இரண்டும் ஒன்றே. ஆர். கே. தியாகி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஆராய்ந்து சொன்னதைக் கேளுங்கள். பறக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் கோளாறு என்று எச்சரிக்கை எழுந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கூறும் பக்கத்தைக் கையேட்டில் தேடுவதிலேயே ஏறத்தாழ ஆறு நிமிடம் கழிந்தது. எதிரே திரண்டிருந்த மழைமேகத்தின் மேல் செல்ல வேண்டிய கவனம் அந்தத் தாள்களின் மேல் சென்றது. கீழ்நோக்கி வீசும் கடுங்காற்றில் சிக்கிய ஊர்தி கட்டுக்கு அடங்காமல் தரையை நோக்கிப் பாய்ந்தது.

மாண்டுபோன விமானிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். நான் கேட்பது ஒன்றே: வானத்தில் தேடிய அந்தப் பக்கம், தரையிலேயே விரலிடுக்கில் இருந்திருக்க வேண்டாமா? மேலே ஆறு நிமிடம் என்பது ஓர் ஆயுள்; கீழே அது ஒரு கோப்பைத் தேநீர்!

"அனுபவம் உள்ளவர்களுக்குத் தாளும் பட்டியலும் எதற்கு? அவை பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு உரியவை" என்று சொல்வோர் உண்டு. வரலாறு இதற்கு நேர்மாறான பாடம் சொல்கிறது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ரைட் ஃபீல்டு என்னும் இடத்தில், 'போயிங் 299' என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைக்காக மேலெழுந்தது. எழுந்த சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. இருவர் இறந்தனர். எஞ்சினில் பழுதில்லை. நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாதிருக்கப் போட்டு வைக்கும் பூட்டைத் திறக்க மறந்து போயினர், அவ்வளவுதான்! ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். நினைவை மட்டும் நம்பிப் பயனில்லை என்று கண்ட பிறகே சோதனைப் பட்டியல் என்ற எளிய தாள் வழக்கத்துக்கு வந்தது. அந்தத் தாளின் துணையோடு அதே மாதிரி விமானங்கள் பின்னர் 12,000-க்கு மேல் கட்டப்பட்டுப் பறந்தன.

பாடம் கற்றாயிற்று என்று எண்ணுகிறீர்களா? ஏறத்தாழ 79 ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதே அமெரிக்காவில் பெட்ஃபோர்டு நகரில் ஒரு தனியார் ஜெட் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நெருப்புக்கு இரையாயிற்று. எழுவர் மடிந்தனர். காரணம்? அதே பூட்டு! திறக்கவில்லை. விமானிகள் இருவரும் பல்லாண்டுகள் சேர்ந்து பறந்தவர்கள். அவர்களுடைய முந்தைய 175 புறப்பாடுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 98 முறை அந்த இறுதி அசைவுச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்பது வெளிப்பட்டது. அத்தனை முறையும் ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராமையே அவர்களை ஏமாற்றிற்று. அறியாதவனை அறியாமை கெடுக்கிறது. அறிந்தவனைப் பழக்கம் கெடுக்கிறது.

"எல்லாம் தலைவிதி" என்பார் இன்னொரு சாரார். புறப்படுமுன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்துக் கற்பூரம் ஏற்றுவது நம் வழக்கம். அதை நான் இகழவில்லை. நம் ஓட்டுநரும் அதைச் செய்தவர்தாம். ஆனால், எலுமிச்சம்பழத்தை வைத்த அதே கை கம்பியையும் எடுத்தது என்பதை மறவாதீர்கள்! சோதனையும் சடங்காகிப் போகும் ஆபத்து உண்டு. கண்ணால் பாராமல் கட்டத்துக்குள் குறியிடுவது அப்படிப்பட்ட சடங்குதான். அதைவிடப் பட்டியல் இல்லாதிருப்பதே மேல். இல்லாதபோது ஐயமாவது எஞ்சியிருக்கும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம்முள் எத்தனை பேர் விமானம் வாடகைக்கு எடுக்கப் போகிறோம்! ஆனால், அளவியைப் பாராமல் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை நிரப்புகிறவர் யார்? பக்கத்து மேசையில் கண்ட எண்ணையே எழுதி, கையொப்பமும் வாங்கிவிடுகிறவர் யார்? நான் செய்திருக்கிறேன். நாளை நம்மில் ஒருவர் பொறியாளராக விமானத்தின் பதிவேட்டில் கையொப்பம் இடுவார். ஒருவர் மருத்துவராகக் கத்தியை எடுப்பார். ஒருவர் அதிகாரியாகக் கடிகாரத்தைப் பார்த்தபடி காரில் காத்திருப்பார். இன்று பழகும் கைதான் நாளை கையொப்பமிடும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. விமானத்தை அமர்த்துவோர், தாம் வாங்கியது இருக்கையை மட்டுமே, புறப்படும் நேரத்தை அன்று என்று உணர வேண்டும். விமானத்தை நடத்துவோர், "இன்று வேண்டாம்" என்று சொன்ன விமானியின் வேலைக்கும் ஊதியத்துக்கும் அதனால் ஊறு வாராது என்று முன்கூட்டியே உறுதியளிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் விதி ஏட்டில்தான் இருக்கும். கூட்டம் கூட்டி மேடையில் காத்திருப்போர், தலைவர் வரவில்லையே என்று தொலைபேசியில் விரட்டுவதை விட வேண்டும்.

முடியாத காரியமா இது? திருமலைக்கு ஏறும் மலைப்பாதையைப் பாருங்கள். வண்டி கிளம்பிய நேரத்தைக் குறித்துக் கொள்கிறார்கள். விதித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பாராட்டு இல்லை, தண்டனை! விரைந்து போனவனைக் குற்றவாளியாக்கும் அந்த நல்ல விதி ஏழுமலையானின் வாசலிலேயே இருக்கிறது. தரையில் ஓடும் வண்டிக்கு இருக்கும் அந்தப் பொறுமை, வானில் பறக்கும் ஊர்திக்கு வேண்டாமா?

அந்த ஓட்டுநரிடம் நான் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம் தடுத்தது. இந்த ஆண்டும் நம் மன்றம் சுற்றுலா போகப் போகிறது. அன்று அவரோ அவரைப் போன்ற ஒருவரோ கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, வண்டிக்குள் ஓசை இருக்கக் கூடாது. ஓசை எழுமானால், "பொறு, அவர் பார்க்கட்டும்" என்று சொல்லும் குரல் இம்முறை என்னுடையதாக இருக்கும். உங்களுடையதாகவும் இருக்கட்டும்!