நீறு பூத்த நெருப்பு

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறநகர் மின்ரயிலில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். பாக்கெட் நாவல்கள் கோலோச்சிய காலத்தில் அந்தப் பயணம் ஒரு நாவலுக்குச் சரியாக இருந்தது. திருத்தணியில் பிணம் விழும். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் கொலையாளி அகப்பட்டுவிடுவான்.

அவ்வூர்ச் சகோதரி ஒருவர் எழுதுகிறார்: ஆங்கில இலக்கியம் பயிலும் தம் மகள் எந்நேரமும் மர்ம நாவலும் கையுமாக இருக்கிறாளாம், தடுக்கலாமா என்று கேட்கிறார்.

தடுக்க வேண்டாம் சகோதரி. மர்மக் கதைகளிலேயே வேறொரு வகை உண்டு. அதை அவள் கையில் கொடுங்கள். அங்கே துப்பாக்கி வெடிப்பதில்லை. யார் கொன்றது என்பதைவிட, 'என் அருகில் இருக்கும் இம்மனிதர் யார்?' என்ற கேள்வியே நீறு பூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்.

1938இல் டாஃப்னே டு மாரியர் எழுதிய 'ரெபேக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியை இழந்த செல்வர் ஒருவரை மணந்து, அவருடைய மாளிகைக்கு வருகிறாள் ஓர் ஏழைப் பெண். கதையைச் சொல்பவளே அவள்தான். ஆயினும் இறுதிவரை அவள் பெயர் நமக்குத் தெரிவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ நூலின் அட்டையிலேயே இருக்கிறது! வீட்டை நிர்வகிக்கும் டான்வர்ஸ் அம்மையார், மறைந்தவளின் அறையை அப்படியே பேணி வருகிறார். ஒருநாள் புதியவளின் கை தவறி ஒரு பீங்கான் பொம்மை உடைந்துவிடுகிறது. வீட்டின் எஜமானி அவள். உடைந்த சில்லுகளை மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கிறாள். பழி ஒரு பணியாளன் மீது விழுகிறது.

கொலையைக் காட்டிலும் அந்த இழுப்பறைதான் என்னை அச்சுறுத்தியது. புகுந்த வீட்டில் முதல் வருடத்தைக் கழித்த எந்தப் பெண்ணுக்கும் அந்த நடுக்கம் புரியும். கணவரின் ஒவ்வொரு மௌனத்திற்கும் அவள் ஒரு பொருள் கற்பித்துக்கொள்கிறாள். நாமும் அவளோடு சேர்ந்து கற்பிக்கிறோம். அவை சரிதானா என்பதை இங்கே சொல்லிவிட்டால் வாசகியர் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

தமிழில் இவ்வகை அருகியே வளர்ந்தது. வாரந்தோறும் 'தொடரும்' போட வேண்டிய நிர்ப்பந்தத்தைச் சிலர் காரணமாகக் கூறுவர். எனக்கு அது ஏற்புடையதன்று. கொலைகாரன் யாரென்பதை மறைக்காமலே, அவன் உள்ளத்தின் வேதனையைப் பின்தொடரும் தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866இல் ஒரு மாத இதழில் தொடராகத்தான் வந்தது. (எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கம் உள்ளது.) நம்மிடமும் ஆனந்த விகடனில் எழுதிய தேவன் இருந்தார். 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னில் கொலை வழக்கொன்றைச் சாட்சி சாட்சியாக, அவசரமே இல்லாமல் அவர் விசாரிக்கிறார். தீர்ப்புக் கூற அமர்ந்த ஜூரர்களோடு நாமும் ஒருவராக உட்கார்ந்துவிடுகிறோம். ஒருவருடைய வாக்குமூலத்தைக் கேட்டு உறுதிகொண்ட மனம், அடுத்தவர் வாய் திறந்ததும் ஆட்டம் காண்கிறது. 1957இல், தம் நாற்பத்து நான்காம் வயதிலேயே தேவன் மறைந்தது பேரிழப்பு.

ஆகவே சகோதரி, தேவனை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரெபேக்காவை மகளிடம் கொடுங்கள். நூறு பக்கம் கடந்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்று அவள் முறையிடுவாள். அந்தப் பீங்கான் பொம்மை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.