நான்கு மீட்டர் விதிக்கு முந்திய கார்கள்

பழைய சிறு செடான் கார் வாங்கும் ஆய்வு மாணவரைக் கண்டால், பெரும்பாலோர் அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்றைக் கற்பித்துவிடுகிறார்கள். ஒன்று, கையில் காசில்லை. மற்றது, கடந்த கால ஏக்கம். இரண்டும் போதா. முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி 1998இல் இந்தியச் சாலைக்கு வந்தபோது இன்றைய ஆய்வு மாணவர் பலர் பிறந்தே இருக்கவில்லை, அல்லது தவழ்ந்துகொண்டிருந்தனர். தனக்கு இல்லாத நினைவுக்காக ஒருவர் ஏங்க முடியாது. அந்தக் கார்களின் அமைப்பிலேயே ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

விடையின் பெரும்பகுதி வரிச் சட்டத்தில் உள்ளது என்பேன். 1994இல் மாருதி எஸ்டீம், 1998இல் ஹோண்டா சிட்டியும் மிட்சுபிஷி லான்சரும், 1999இல் ஃபோர்டு ஐகானும் ஹூண்டாய் ஆக்சென்ட்டும் வந்தன. (கடைசி மூன்றும் திருவள்ளூர், மறைமலை நகர், இருங்காட்டுக்கோட்டை எனச் சென்னையைச் சுற்றியே உருவாயின என்பதைத் தமிழர் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.) அக்காலத்தில் ஒரு காரின் நீளமும் என்ஜின் கொள்ளளவும் வரியின் அளவுகோல்கள் அல்ல. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை அதை மாற்றியது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலானால் 1,200 சிசி, டீசலானால் 1,500 சிசி என்ற வரம்புக்கு உட்பட்ட என்ஜினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. அதன்பின் சிறு செடானின் உருவத்தையே அந்த விதி வரையத் தொடங்கியது. டிக்கியை வெட்டிக் குறுக்கினார்கள், என்ஜினைச் சுருக்கினார்கள். 2012இல் மாருதி டிசையர் நான்கு மீட்டருக்குள் அடங்கிய கதை எல்லோரும் அறிந்ததே.

ஆகவே பழைய சிறு செடான் என்பது அந்த விதி தோன்றுவதற்கு முந்திய ஒரு கணக்கு: ஏறத்தாழ ஒரு டன் எடை, ஒன்றரை லிட்டர் அளவிலான பெட்ரோல் என்ஜின், கையால் மாற்றும் ஐந்து கியர்கள். ஹோண்டா சிட்டியில் பின்னர் வந்த விடெக் வகையின் ஆற்றல் 106 குதிரைத்திறன். 2024இல் வந்த புதிய டிசையரின் 1.2 லிட்டர் என்ஜின் தருவது ஏறக்குறைய 82. எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. சாலையில் அமர்ந்து ஓட்டும்போது இந்த எண்கள் உடலுக்குத் தெரியும். இருக்கை தாழ்வானது, கண்ணாடியைச் சுற்றிய தூண்கள் மெலிந்தவை, ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையின் சொரசொரப்பைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மூன்றாவது கியரில் வளைவில் நுழைந்து மீளும்போது வண்டி என்ன செய்கிறது என்பதை எந்தத் திரையும் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே இந்த இன்பம் கிடைக்கிறது. இன்றைய கனத்த எஸ்.யு.வி.களில் அதே உணர்வைப் பெற, சட்டம் அனுமதிக்காத வேகத்துக்குப் போக வேண்டும். காருக்கு ‘மகிழுந்து’ என்று தமிழில் பெயர் வைத்தவர் எந்தக் காரை ஓட்டினாரோ அறியேன். அந்தச் சொல் இக்கார்களுக்குத்தான் மிகப் பொருந்துகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஓரளவு நல்ல நிலையிலுள்ள பழைய எஸ்டீம் ஒன்று அதன் சில மாதத் தொகைக்குள் கிடைத்துவிடும். எஸ்டீமின் 1.3 லிட்டர் என்ஜின் குடும்பமே ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய ஜிப்சியிலும் இருந்ததால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. தெருமுனைப் பட்டறையின் மெக்கானிக்குக்கும் அது பழகிய பொருள். லான்சருக்கு அந்த வசதி கிடையாது. அதை வாங்குபவர் காரோடு சேர்த்து ஒரு தேடல் பணியையும் வாங்குகிறார். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட நிலையில் எரிபொருள் பாதையின் ரப்பர்க் குழாய்களை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதிர்வாதங்கள் வலுவானவை. காற்றுப்பை இல்லை, மோதலைத் தாங்கும் உடலமைப்பும் இல்லை. புதிய டிசையர் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அன்றாடம் பயணம் செய்பவருக்கு நான் எஸ்டீமைப் பரிந்துரைக்க மாட்டேன். மாசும் அப்படியே. பி.எஸ்.-3 நெறி பெட்ரோல் காருக்கு அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராம், பி.எஸ்.-6இல் 0.06. தொண்ணூறுகளின் கார்கள் பி.எஸ்.-3க்கும் முந்தியவை.

ஆனால் ஒரு வண்டி காற்றுக்குச் செய்யும் கேடு, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை எத்தனை கிலோமீட்டர் என்பதால் பெருக்கினால் வருவது. நம் கொள்கை இவ்விரண்டையும் அளக்காமல் பிறந்த தேதியை மட்டும் பார்க்கிறது. தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்த எவரும் அந்த ஆணையின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார். எனினும் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலம் போகும் கார், அங்கே புகை விடாமல் இருப்பதில்லை. தில்லிக்கு வெளியே, 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ஆனது. ஞாயிறுதோறும் ஓடி ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் காட்டும் சிட்டிக்கும், அதே வயதில் அன்றாடம் சரக்கேற்றி ஓடும் காருக்கும் ஒரே கட்டணம்.

புகைச் சோதனை மையத்தில், என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, பெட்ரோல் காரின் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அங்கே கணக்கிலேயே இல்லை. சுமையோடு ஓடவிட்டு அளக்கும் கருவியையும், ஓடிய தூரத்தைத் தகுதிச் சான்றில் பதியும் வழக்கத்தையும் கொண்டுவந்து, கட்டணத்தை இவ்விரண்டையும் கொண்டு நிர்ணயிக்கட்டும். தேறாத கார் உடைப்புக்குப் போகட்டும், என் கார் உட்பட. சுற்றுச்சூழல் பொறியியல் துறை நண்பர்கள், அத்தகைய சோதனை ஒரு வண்டிக்கு என்ன செலவு வைக்கும் என்று எழுதினால் இந்த விவாதத்தை மேலே கொண்டுபோகலாம்.