மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வருகிறதா?

கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிணற்று மோட்டார் ஓடும் என்ற வசதி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கி மாட்டியது நான்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் நிலமும், 5 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் வைத்த கிணறும் உண்டு. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில் டார்ச் லைட்டும் தடியுமாக அவர் வரப்பில் நடப்பதை நினைத்தால், வெளியூரில் வேலை பார்க்கும் எனக்குத் தூக்கம் வராது. எனவே கைப்பேசி ஸ்டார்ட்டர். கூடவே, மடை திருப்பும் வேலையும் மிச்சமாகட்டும் என்று ரெயின் ஹோஸ்.

அந்த ஆண்டு ஆனியில் மல்லாட்டை விதைத்திருந்தோம். ஆடியில் மழை ஏமாற்றியது. 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தாகிவிட்டது. விழுது இறங்கும் நேரம், தண்ணீர் தவறக் கூடாது. அப்பா முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில். வால்வு மாற்றி விடுகிறவர் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்விட்டார். பரவாயில்லை, அதற்குத்தானே விஞ்ஞானம் என்று மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தபடி இரண்டு இரவுகள் மோட்டாரை ஓட்டினேன். 'மோட்டார் இயங்குகிறது' என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மூன்றாம் இரவு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை.

போய்ப் பார்த்தபோது நிலம் காய்ந்து கிடந்தது. ஃபுட் வால்வில் குப்பை சிக்கி, குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிட்டிருக்கிறது. மோட்டார் ஏர் பிடித்து, இரண்டு இரவும் சொட்டுத் தண்ணீர் எடுக்காமல் சும்மா சுற்றியிருக்கிறது. சீல் கருகி, பேரிங்கும் போய்விட்டது. பழுது பார்த்துத் திரும்ப ஐந்து நாள். அதற்கு முன் தவறிய நாட்களையும் கூட்டினால், அந்த மணற்பாங்கான செம்மண்ணில் பயிர் பதினைந்து நாளுக்கு மேல் தண்ணீர் பார்க்கவில்லை. ஏக்கருக்கு 20 மூட்டை வரும் நிலத்தில் 13 மூட்டை வந்தது. அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "மோட்டார் ஓடுதுன்னு போன் சொல்லிச்சு சரி. தண்ணி வருதான்னு கேட்டியா?"

உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன் பொய் சொல்லவில்லை

அந்தப் பெண் குரல் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மோட்டார் இயங்கியது உண்மை. அதற்கு மேல் அந்தக் கருவியிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிடும் வசதி அந்த ஸ்டார்ட்டரிலேயே இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் அதற்கான அளவை அமைக்கவில்லை. அமைத்தாரா என்று நானும் கேட்கவில்லை.

அந்த வசதி வேலை செய்யும் விதம் எளிமையானது. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் தண்ணீர் தூக்கும்போது ஏறக்குறைய 7 முதல் 8 ஆம்ப்ஸ் இழுக்கும். தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றினால் சுமை குறைவு, ஆம்ப்ஸும் நன்றாக இறங்கிவிடும். ஆம்ப்ஸ் இந்த அளவுக்குக் கீழே வந்தால் நிறுத்து என்று சொல்லி வைத்தால் போதும். ஆனால் 'இந்த அளவு' எது என்பது மோட்டாருக்கு மோட்டார், கிணற்றுக்குக் கிணறு மாறும். பெட்டிக்குள் கம்பெனி வைத்து அனுப்பும் எண் நம் கிணற்றுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் மோட்டார் நன்றாக இறைக்கும் நாளில் அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அப்பாவிடம் ஆம்ப்ஸ் மீட்டர் கிடையாது. "தண்ணி எடுக்கிற சத்தம் ஒண்ணு, சும்மா சுத்துற சத்தம் ஒண்ணு" என்பார். கிணற்று மேட்டுக்குப் போகும் வழியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இரவில் வரப்பில் நடந்த அந்த நடையில், ஸ்விட்ச் போடுவது ஒரு வேலை மட்டும்தான். சத்தம் கேட்பது, குழாய் வாயில் தண்ணீரின் வேகம் பார்ப்பது, மண்ணைக் காலால் மிதித்து ஈரம் பார்ப்பது என்று இன்னும் மூன்று வேலைகளை அவர் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார். நான் வாங்கிய கருவி முதல் வேலையைச் செய்தது. மற்ற மூன்றையும் செய்ய ஆள் இல்லாமல் போனதை நான் கவனிக்கவில்லை.

கைப்பேசி ஸ்டார்ட்டரைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. இருட்டில் பாம்புக்குப் பயந்து நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்கள் கிணற்றில் இன்றும் அது இருக்கிறது. வேலை செய்யும் கருவிக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கும் நாம், விவரம் சொல்லும் கருவிக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கரண்ட் வந்தால் பயிருக்குத் தாகமா?

கைப்பேசி ஸ்டார்ட்டருக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடும், போனதும் நிற்கும், மறுபடி வந்தால் மறுபடி ஓடும். பயிருக்கு ஈரம் இருக்கிறதா, நேற்று மழை பெய்ததா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விஷயம். மழையில் நனைந்துகொண்டே தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பதினைந்து மோட்டார்களும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? வோல்டேஜ் சரியும். ஃபியூஸ் போகும். வோல்டேஜ் குறைவாக ஓடும் மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்துச் சூடாகும், காயில் கருகும். பிறகு எல்லோரும் சேர்ந்து லைன்மேனைத் திட்டுவோம். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால், கரண்ட் வந்து சில நிமிடங்கள் கழித்துக் கிளம்பும்படி தாமத அமைப்புள்ளதை வாங்குங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசி, உங்களுடையது 2 நிமிடம், என்னுடையது 4 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது உழவர்களுக்குப் பெரிய பலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பில் வராததால் ஒரு செய்தியும் நமக்கு வராமல் போகிறது. எங்கள் மோட்டார் இரண்டு இரவு சும்மா சுற்றியதற்கு யாரும் என்னிடம் பணம் கேட்கவில்லை. ஏழு மூட்டை மல்லாட்டைதான் கேட்டது.

சின்னக் கருவிகள் நான்கு

என்னைக் கேட்டால், அடுத்த பெரிய இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் நான்கு சின்ன விஷயங்களைச் செய்துவிடுங்கள் என்பேன்.

முதலாவது, ஆம்ப்ஸ். மோட்டார் நன்றாகத் தண்ணீர் எடுக்கும் நாளில் எலெக்ட்ரீஷியனை அழைத்து டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸிலும் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் பெயின்டால் எழுதுங்கள். பேனலில் வோல்ட் மீட்டரும் ஆம்ப்ஸ் மீட்டரும் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். பிறகு ஒரு நாள் எண் மிகவும் இறங்கினால் தண்ணீர் இல்லை என்று பொருள். ஏறினால் வோல்டேஜ் குறைவா, பேரிங் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சொட்டுநீர்ப் பாசனத்தின் பிரஷர் கேஜ். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியத்தில் சொட்டுநீர் வந்திருக்கிறது. அதனுடன் வந்த கேஜ் எத்தனை தோட்டங்களில் உயிரோடு இருக்கிறது? பாதி இடங்களில் கண்ணாடி உடைந்திருக்கும். மீதி இடங்களில் மோட்டாரை நிறுத்திய பிறகும் முள் ஒரே இடத்தில் நிற்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பாருங்கள். வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தாண்டினால் ஃபில்டரைக் கழுவ வேண்டும். இதைப் பார்க்காமல் விட்டால், கடைசி வரிசைச் செடி வாடிய பிறகுதான் சேதி தெரியும். அப்போது கம்பெனி டியூப் சரியில்லை என்போம்.

மூன்றாவது, அளவு கப். கைத்தெளிப்பானோ பவர் ஸ்பிரேயரோ, நாசில் தேயத் தேய மருந்து அதிகமாகக் கொட்டும். புது நாசிலில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். பழையதில் அதைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்தால் மாற்றுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கமான நடையில் 1 சென்ட் அடித்துப் பாருங்கள். 2 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். 3 லிட்டர் போனால் 300. டேங்குக்கு எவ்வளவு மருந்து கலப்பது என்பதை இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். அண்மையில் ஒரு ட்ரோன் செயல்விளக்கத்துக்குப் போயிருந்தேன். நான் உட்பட அத்தனை பேரும் அது பறப்பதைப் படம் எடுத்தோம். இலையின் அடிப்பக்கத்தில் மருந்து விழுந்திருக்கிறதா என்று செடியைத் திருப்பிப் பார்த்தவர் ஒரே ஒரு பாட்டிதான்.

நான்காவது, நெல் வயலுக்கு ஒரு துண்டு குழாய். 30 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பிவிசி குழாய். கீழ்ப்பகுதியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் ஓட்டை போட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிட வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரவலாக்கிய முறை இது. குழாய்க்குள் தண்ணீர் மட்டம் மண் பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். இதற்கு பேட்டரி இல்லை, சிம் கார்டு இல்லை, ஆண்டுச் சந்தா இல்லை. அதனாலோ என்னவோ இதை விற்க எந்தக் கம்பெனியும் ஊர் ஊராக வேன் அனுப்பவில்லை.

எங்கள் பங்குக்கும் கொஞ்சம்

குறையை உழவர் தலையில் மட்டும் வைப்பது நியாயம் இல்லை. '7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை நீர் பாய்ச்சவும்' என்று எத்தனையோ துண்டுப் பிரசுரங்களில் நானே எழுதியிருக்கிறேன். மண் எது, வெயில் எப்படி என்று கேட்காமல் காலண்டரைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வதும் ஒரு வகை ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். இப்போதெல்லாம் அந்த வரிக்குப் பக்கத்தில், வேர் இருக்கும் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்கவும் என்று சேர்த்து எழுதுகிறேன்.

களப்பணியில் இருக்கும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கருவி வந்த அன்று நடக்கும் செயல்விளக்கத்துக்குப் பந்தல் போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அதே கருவிக்கு அதே வயலில் ஓராண்டு கழித்து இன்னொரு கூட்டம் போடுங்கள். ஓடுகிறதா, ஓடவில்லை என்றால் எந்தச் சின்னப் பாகம் போனது, அது பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் பிரியாணி இல்லாவிட்டாலும் விஷயம் இருக்கும்.

வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இது தவறாக ஓடினால் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கிணற்றுக்கு ஏற்றபடி அளவு வைத்துக் காட்டிவிட்டுத்தானே போவீர்கள்? இரண்டாவதற்குச் சரியான பதில் வரும்வரை பில் பணத்தில் கொஞ்சம் நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியில் இப்போது வெள்ளைப் பெயின்டில் 7.4 என்று எழுதியிருக்கிறது. அதற்கு ஏற்றபடி ஸ்டார்ட்டரிலும் அளவு வைத்தாயிற்று. ஃபுட் வால்வுக்கு வலை கட்டியிருக்கிறோம். சென்ற பங்குனியில் ஓர் இரவு, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் மோட்டார் தானாகவே நின்று எனக்குச் செய்தி வந்தது. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். முழங்கால் இப்போது தேவலை. "நானும் அதைத்தான் நினைச்சேன், சத்தம் சரியில்லை" என்றபடி தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.